கொத்தன் இல்லாச் சுவர்



வீடு கட்டப் புகுந்தவன் கல்லைத் தேடுவான், சுண்ணாம்பைக் குழைப்பான், நூல் பிடித்து மட்டம் பார்ப்பான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சுவருக்கோ கல்லும் இல்லை, சாந்தும் இல்லை. ஒரு கடுதாசியின் தடிப்புக்கூட அதற்கு இல்லை. ஆயினும் உலகெங்கும் எண்ணிறந்த இளைஞர்கள் அதன் பின்னே பதுங்கியிருக்கின்றனர். அதன் ஓரமாக மூச்சை அடக்கி நடந்திருக்கின்றனர். கணினி விளையாட்டுக்களிலே காணப்படும் சுவரையே சொல்லுகின்றேன். அச்சுவருக்கு வேண்டிய படத்தை ஆக்கித் தரும் சிறு கருவி ஒன்றைப் பற்றியும், அதனைக் கையாள்வோன் எதிர்கொள்ளும் இடர்களைப் பற்றியும் சிறிது நேரம் உங்களோடு பேசலாம் என்பது என் எண்ணம்.

விளையாட்டைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் நினைத்தல் கூடும். தகுதி ஒன்றும் இல்லை. என் தம்பியின் மகன் ஒரு நாள் என்னைக் கணினியின் முன் இருத்தி, “பெரியப்பா, இந்தச் சுவரைப் பாருங்கோ, இது நான் செய்தது” என்றான். விளையாட்டைக் காட்டுகின்றான் என எண்ணியிருந்த எனக்கு அது வியப்பைத் தந்தது. அரக்கர் வரவில்லை; துப்பாக்கி வெடிக்கவில்லை; வெறுஞ்சுவரையே அவன் காட்டினான். அன்று தொடக்கம் நானும் சுவர் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் இச்சுவர் யாது என்பதைத் தெளிந்துகொள்வோம். கணினியின் உள்ளே உள்ளது ஒரு வெறும் தளம். நான்கு மூலைகளின் இடம் மட்டுமே அதற்குத் தெரியும். அத்தளத்துக்கு ஒரே நிறத்தைப் பூசிவிடலாம். பூசினால் அது சுவராகாது. வர்ணம் பூசிய அட்டையாகவே தோன்றும். எனவே கல்லின் சொரசொரப்பும், செங்கல்லின் வரியும், காரை பெயர்ந்த இடமும் கொண்ட ஒரு படத்தை எடுத்து, மேசைமேல் விரிப்பை விரிப்பதுபோல அத்தளத்தின்மேல் விரித்துவிடுகின்றனர். இவ்வாறு விரிக்கும் முறையை 1974 ஆம் ஆண்டிலே யூட்டா பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் விளக்கியவர் எட்வின் கட்மல் என்பார். பின்னாளிற் பிக்சார் என்னும் திரைப்பட நிறுவனத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். விரிக்கப்படும் படத்தை ஆங்கிலத்தில் ‘டெக்ஸ்சர்’ என்பர். நான் அதனைச் சுவர்ப்படம் என்றே இன்று குறிப்பிடப் போகின்றேன்.

ஆய்வேட்டில் இருந்த முறை வீட்டுக் கணினிக்கு இறங்கிவரப் பல ஆண்டுகள் சென்றன. ஐடி சொப்ட்வெயர் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் 1991 ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெளியிட்ட ‘ஹோவர்டாங்க்’ விளையாட்டில் சுவர்கள் வெறும் நிறப் பட்டைகளாகவே இருந்தன. அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘கற்றகோம்’ என்னும் விளையாட்டிற் பதினாறு நிறங்களிலே சுவர்ப்படம் ஏறிற்று. 1992 மே மாதத்தில் ‘வொல்ஃபென்ஸ்டைன் 3டி’ வந்தது. அதன் சுவர்ப்படம் ஒவ்வொன்றும் அகலத்தில் 64 புள்ளியும் உயரத்தில் 64 புள்ளியும் உடையது. புள்ளிக்கு ஒரு பைட்டு. ஆக 4,096 பைட்டு. திரையை நெடுக்காகப் பல நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிரலிலும் பார்வைக்கோடு எச்சுவரில், எவ்விடத்தில் முட்டுகின்றது எனக் கணித்து, அவ்விடத்துக்குரிய ஒரு கீற்றை எடுத்து நீட்டியோ குறுக்கியோ திரையில் ஒட்டுவதே அவ்விளையாட்டின் உத்தி. வேறொரு சிறு தந்திரமும் அங்கே உண்டு. ஒவ்வொரு சுவர்ப்படத்தையும் வெளிச்சமானது ஒன்று, மங்கலானது ஒன்று என இரண்டாக வரைந்து வைத்தனர். வடக்குத் தெற்காக நோக்கும் சுவருக்கு ஒன்று. கிழக்கு மேற்காக நோக்குவதற்கு மற்றையது. விளக்கு என்று ஒன்றும் அவ்வுலகில் இல்லை. ஆயினும் மூலையிலே இரண்டு சுவரும் கூடுமிடத்தில் நிழல் விழுந்தாற்போலக் கண் ஏமாறும்.

1993 டிசம்பரில் ‘டூம்’ வந்தபோது சுவர் உயர்ந்தது. பல சிறு துண்டுகளை இணைத்து ஒரு பெருஞ்சுவர்ப்படம் ஆக்கும் முறையும் வந்தது. அதைவிட முக்கியமானது, விளையாட்டின் படங்களையும் ஒலிகளையும் செய்நிரலினின்று பிரித்துத் தனிக் கோப்பிலே வைத்தமை. ஆட்டக்காரன் விரும்பினால் அக்கோப்புக்குப் பதிலாகத் தன் கோப்பை வைக்கலாம், சுவரை மாற்றலாம், மாளிகையையே மாற்றலாம். வீட்டை விற்பவன் சாவியோடு கொத்தனின் கரண்டியையும் கொடுத்ததுபோல இது. பிறர் அங்ஙனம் செய்தற்கு இடம் இருக்கவேண்டும் என்றே அதனைத் திட்டமிட்டனர். செய்தவர்கள் பல்லாயிரவர்.

1996 ஜூன் மாதத்தில் அதே நிறுவனத்தாரின் ‘குவேக்’ வந்தது. அதற்கும், அதன்பின் வந்த ‘குவேக் 2’, ‘ஹாஃப் லைஃப்’ என்பவற்றுக்கும் சுவர்ப்படம் செய்ய ஒரு சிறிய இலவசக் கருவி பரவலாகப் பயன்பட்டது. அதன் பெயர் வாலி. இராமாயணத்து வாலியை நினைந்துவிடாதீர்கள். ஆங்கிலத்திற் சுவரைக் குறிக்கும் சொல்லின் ஒலியே அப்பெயரிற் கேட்கின்றது. எனினும் எதிர்நின்றார் பலத்திற் பாதியைத் தனதாக்கிக்கொண்ட அந்த வாலியைப்போல, இதுவும் தன்னெதிரே வைக்கப்பட்ட படத்தின் நிறங்களிற் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டே அதனை விடும். ஏன் அவ்வாறு செய்கின்றது என்பதைச் சொன்னால் இக்கருவியின் வேலை விளங்கும்.

குவேக்கின் உலகுக்கு மொத்தம் 256 நிறங்களே உண்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவற்றுட் பெரும்பாலானவை மண்ணிறம், துருவின் நிறம், பழுத்த சாம்பல் என்பன. பளிச்சென்ற பச்சையைத் தேடினால் அங்கே கிடையாது. வெளியிலிருந்து ஒரு நிழற்படத்தைக் கொணர்ந்தால், அதிலுள்ள ஆயிரக்கணக்கான நிறங்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தட்டில் எது மிக நெருங்கியது எனக் கருவி தேடித் தேடி மாற்றும். பாசியின் பச்சை சேற்றின் நிறமாகும். சில வேளைகளில் இரண்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து தூவி, இல்லாத மூன்றாம் நிறம் இருப்பதுபோலக் காட்டும். பத்திரிகைப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்தோர்க்கு இவ்வித்தை புதிதன்று.

இதிலே ஒரு பொறி உண்டு. அந்த 256 நிறங்களுள் இறுதி 32 நிறங்கள் மற்றையவை போன்றவை அல்ல. முதல் 224 நிறங்களும் இருளுக்கு ஏற்ப மங்கும். ஒவ்வொன்றும் 64 படிகளில் ஒளி குன்றுவதற்கு அட்டவணை உண்டு. இறுதி 32 நிறங்களோ எவ்விருளிலும் மங்கா. நெருப்புக்கும் மின்விளக்குக்கும் பொத்தான்களுக்குமென ஒதுக்கப்பட்டவை அவை. என் தம்பி மகன் தன் முதற் சுவரைச் செய்து, ஓர் இருட்டறையிலே அதனை ஏற்றிப் பார்த்தான். கருங்கற் சுவரெங்கும் மின்மினிகள் மொய்த்தாற்போல ஒளிப்புள்ளிகள்! நிழற்படத்திலே வெயில் பட்டுப் பளபளத்த இடங்களுக்கு நெருங்கிய நிறத்தைத் தேடிய கருவி, அந்த 32 நிறங்களுக்குள்ளும் கையை விட்டிருக்கின்றது. அவ்வொளிப் புள்ளிகளை நீக்கி, மங்கும் நிறங்களுள் நெருங்கியதை அவ்விடத்தில் வைக்க ஒரு கட்டளை இத்தகைய கருவிகளில் உண்டு. அதனை அவன் அன்று அறியான். அறிந்தபின்பும் ஓரிரு மின்மினிகளை வேண்டுமென்றே விட்டுவைத்தான் என்பது வேறு கதை.

நிறம் முடிந்தது, அடுத்தது தையல். இதுவே இக்கலையின் உயிர்நிலை எனலாம்.

ஒரு நெடுஞ்சுவரை முழுதும் ஒரே படமாக வரைந்து வைக்கக் கணினியில் இடமில்லை. எனவே சிறு படம் ஒன்றையே மீண்டும் மீண்டும் பக்கத்துக்குப் பக்கம் அடுக்கிச் சுவரை நிரப்புவர். மரஅச்சினாற் சீலைக்குப் பூப்போடுபவனும், ஒரே வடிவை ஓயாது அடுக்குகின்றவன்தானே? அச்சின் வலது ஓரம் அடுத்த அச்சின் இடது ஓரத்தோடு பொருந்தாவிட்டாற் சீலையில் வெட்டுக் கோடு தெரியும். சுவர்ப்படத்திலும் அவ்வாறே. வலது ஓரத்தில் அறுபட்ட கல், இடது ஓரத்தில் அதே உயரத்தில், அதே நிறத்தில், அதே சாய்வில் தொடரவேண்டும். தொடராவிட்டால் நெடுஞ்சுவரின் நீளமெங்கும் இரண்டு எட்டுக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடு விழும். விளையாடுபவன் அதனைக் கோடென்று கூட அறியமாட்டான்; இந்த இடம் பொய் என்பது மட்டும் அவன் மனத்திற் படும்.

இதற்குக் கருவி செய்யும் உதவி எளியது. எளியதாயினும் மிக நுண்ணியது. படத்தைப் பாதியளவு வலப்புறம் நகர்த்து. வெளியே விழும் வலப்பாதியை எடுத்து இடப்புறத்தில் வை. மேல் கீழாகவும் அங்ஙனமே செய். இப்போது பழைய ஓரங்கள் நான்கும் படத்தின் நடுவே சிலுவைபோல வந்து கூடிவிட்டன. புதிய ஓரங்களோ முன்னர் நடுவிலே ஒட்டியிருந்த பகுதிகள். ஆதலால் அவை தாமாகவே பொருந்தும். இனிச் சிலுவைக் கோட்டை மட்டும் அழித்தாற் போதும். அருகிலுள்ள கல்லின் ஒரு துண்டை எடுத்து அக்கோட்டின்மேல் ஒட்டி, விளிம்பைத் தேய்த்து மறைத்துவிடுவர். மீண்டும் நகர்த்திப் பார்ப்பர். மீண்டும் தேய்ப்பர். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பிரதிகளை அடுக்கிக் காட்டும் சாளரமும் கருவியில் உண்டு. குறை அங்கேதான் வெளிவரும்.

செங்கற் சுவராயின் வேறொரு கணக்கும் கூடுகின்றது. ஒரு வரிசைக் கல்லின் மூட்டுக்கு மேலே அடுத்த வரிசைக் கல்லின் நடு வருமாறு கட்டுவதே கொத்தன் வழக்கம். ஆகவே ஒன்றுவிட்ட வரிசைகளே ஒத்திருக்கும். படத்தில் வரிசைகள் ஏழாக இருந்தால், அதன் தலையில் மறு பிரதியை வைக்கும்போது ஒத்த வரிசைகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மூட்டுக்கள் நேராகிவிடும். வரிசை இரட்டைப்படையாகவே இருத்தல் வேண்டும். கட்டடம் கட்டியறியாத பிள்ளைகள் இதனைக் கணினியின் முன் இருந்து கற்றுக்கொள்கின்றனர். உண்மைக் கொத்தனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்திற் சொல்லியிருப்பான்.

அளவும் ஓர் இடர். குவேக்கிலே ஆட்டக்காரனின் உடல் 56 அலகு உயரம். வழமையாகப் படத்தின் ஒரு புள்ளி சுவரில் ஓர் அலகை மூடும். ஐந்தரை அடி மனிதனுக்கு 56 புள்ளி எனக் கொண்டால் அடிக்குப் பத்துப் புள்ளி ஆகின்றது. மூட்டுச் சாந்தோடு மூன்று அங்குல உயரமுள்ள செங்கல்லுக்கு எத்தனை புள்ளி? இரண்டரை! இரண்டரைப் புள்ளியிற் செங்கல்லையும் சாந்தையும் எங்ஙனம் வரைவது? வரைய முடியாது. எனவே எட்டோ பதினாறோ புள்ளி உயரமுள்ள பெருங்கற்களை வரைகின்றனர். அளந்து பார்ப்பின் அவை அரக்கர் கட்டிய கோட்டைக்குரிய கற்கள். ஆயினும் பார்க்கும்போது ஒருவருக்கும் உறுத்துவதில்லை. அளவைப் பேணி வரைந்தவனுடைய சுவரோ கலங்கிய கஞ்சிபோலத் தோன்றும்.

தூரத்துச் சுவருக்கும் ஒரு வழி காணவேண்டியிருந்தது. அறுபத்து நான்கு புள்ளி அகலமுள்ள படம், தூரத்திலே திரையிற் பத்துப் புள்ளி அகலத்துக்குச் சுருங்கும்போது, எப்புள்ளியை எடுப்பது எதனை விடுவது என்ற குழப்பத்தால் சுவர் மினுங்கும். 1983 இல் லான்ஸ் வில்லியம்ஸ் என்பார் இதற்குக் கண்ட பரிகாரம், படத்தைப் பாதி, காற்பங்கு, அரைக்காற்பங்கு எனச் சுருக்கிய பிரதிகளையும் முன்கூட்டியே ஆக்கி உடன்வைத்தல். குவேக் இவ்வாறு நான்கு பிரதிகளை வைத்திருக்கின்றது. 4,096 பைட்டுப் படத்துக்கு மொத்தம் 5,440 பைட்டு. கருவி இவற்றைத் தானே ஆக்கிக்கொடுக்கும். அதனை விட்டு அடுத்ததற்குச் செல்வோம்.

தையலும் மறைந்து, அளவும் சரியாகிவிட்டபின் எஞ்சுவது மிகக் கொடிய பகை. அது கறை. சுவர்ப்படத்திலே ஓரிடத்தில் ஒரு வெடிப்போ, எண்ணெய்க் கறையோ, பறவையின் எச்சமோ இருக்கின்றதென்று கொள்ளுங்கள். தனிப்படத்தில் அது அழகு. சுவருக்கு உயிர் கொடுப்பது அதுவே. ஆனால் இருபது முறை அடுக்கியவுடன் அதே கறை இருபது இடங்களில் ஒரே சீராக நின்று எம்மைப் பார்த்துப் பல்லிளிக்கும். மனிதக் கண் ஒப்புமையைத் தேடுவதில் மிகக் கூரியது. ஆகவே தொழிலறிந்தோர் தம் சுவர்ப்படத்திலிருந்து எதுவெது தனித்துத் தெரிகின்றதோ அதனையெல்லாம் நீக்கிவிடுவர். எக்கல்லும் மற்றைய கல்லினும் மேலோங்காது சமனாக்குவர். வெயிலில் எடுத்த நிழற்படத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருளுமாக இருப்பின் அதனையும் சமப்படுத்துவர். அதனாலேயே முகிற்கூட்டம் வானை மூடிய நாளிற் படம் எடுக்கவேண்டும் என்பர். இந்தப் பொது விதியை மனத்திற் கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருவேன்.

நிழற்படமும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம், கணக்கே போதும் என்று எழுந்தோரும் உண்டு. 1982 இல் வெளிவந்த ‘ட்ரொன்’ என்னும் திரைப்படத்திற் பணிபுரிந்த கென் பேர்லின், கணினி வரைந்த உருவங்கள் இயந்திரம் வார்த்தாற்போல வழுவழுப்பாக இருந்தமை கண்டு சலிப்புற்றார். இயற்கையிலே ஒழுங்கும் இல்லை, முற்றாக ஒழுங்கின்மையும் இல்லை. முகிலையும் சலவைக்கல்லையும் மரத்தின் வைரத்தையும் பாருங்கள்: அடுத்தடுத்த இடங்கள் ஒத்திருக்கும்; தூரத்து இடங்கள் ஒவ்வா. இத்தகைய மென்மையான ஒழுங்கின்மையைத் தரும் கணித முறை ஒன்றை அவர் ஆக்கி 1985 இல் வெளியிட்டார். பெரிய அலைவின்மேற் சிறிய அலைவையும், அதன்மேல் இன்னும் சிறியதையும் ஏற்றினால் முகில் தோன்றும். அதனையே சற்று முறுக்கினாற் சலவைக்கல்லின் நரம்பு ஓடும். அதற்கென அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1997 இல் அவருக்குத் தொழினுட்ப விருது அளித்தது. சுவர் செய்யும் சிறு கருவிகளில் இன்று இம்முறை இல்லாதது அரிது.

இம்முறையின் உச்சத்தை ஜெர்மனியர் சிலர் காட்டினர். 2004 ஆம் ஆண்டு அந்நாட்டிலே நடந்த ‘பிரேக்பொயின்ட்’ என்னும் கணினிக் கலைஞர் ஒன்றுகூடலில், முழு விளையாட்டு ஒன்றை 96 கிலோபைட்டுக்குள் அடக்கவேண்டும் என்று ஒரு போட்டி. அதற்கு அவர்கள் கொணர்ந்த ‘குரீகர்’ என்னும் விளையாட்டில் அறைகள் உண்டு, துருப்பிடித்த இரும்புச் சுவர்கள் உண்டு, பகைவர் உண்டு. வழமைபோலப் படமாகச் சேமித்திருப்பின் 200 முதல் 300 மெகாபைட்டு வேண்டியிருக்கும் என்று ஆக்கியோர் கூறினர். எங்ஙனம் இயன்றது? சுவர்ப்படத்தை அவர்கள் சேமிக்கவே இல்லை. அதனைச் செய்த விதத்தையே சேமித்தனர். இவ்வளவு முகிலைத் தூவு, அதனைச் செங்கல் வடிவாற் பெருக்கு, இந்நிறம் பூசு, விளிம்பைத் தேய் என்ற கட்டளை வரிசை மட்டுமே கோப்பில் உள்ளது. விளையாட்டைத் தொடங்கும்போது கணினி அக்கட்டளைகளை ஒவ்வொன்றாகச் செய்து சுவரை ஆக்கும்; அதுவரை ஆட்டக்காரன் காத்திருக்கவேண்டும். சமைத்த சோற்றை அனுப்பாது சமையற் குறிப்பை அனுப்பிவிட்டார்கள்; அடுப்பு எம்முடையது.

இன்றோ இடத்துக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்துக்கு 4,096 புள்ளியுடைய படத்தைச் சுருக்காது வைத்தால், புள்ளிக்கு நான்கு பைட்டாக, அது ஒன்றே வொல்ஃபென்ஸ்டைனின் சுவர்ப்படங்கள் 16,384க்குச் சமன். இடம் பெருகியபின் எழுந்த கேள்வி வேறு: இந்தச் சுவர் யாருடையது?

அமெரிக்காவில் ஜூடி ஜுராசெக் என்னும் அம்மையார் கல், மரம், உலோகம், கண்ணாடி என்பவற்றின் மேற்பரப்புக்களைத் தேடித் தேடி நிழற்படமாக்கி, 1996 இல் ‘மேற்பரப்புக்கள்’ என்று பொருள்படும் பெயரிலே நூலாக வெளியிட்டார். படங்கள் அடங்கிய இறுவட்டும் உடன் இருந்தது. வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் தம்மிடம் உரிமம் பெறவேண்டும் என்பது அவர் கட்டுப்பாடு. 2021 ஜூனில் அவர் ஜப்பானிய நிறுவனமாகிய கப்கொம் மீது கொனெக்டிகட் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ‘ரெசிடென்ட் ஈவில் 4’ முதலிய விளையாட்டுக்களில் தம் படங்கள் எண்பதேனும், இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் உரிமமின்றிப் பயன்பட்டன என்பது அவர் முறைப்பாடு. அவ்விளையாட்டின் பெயர் எழுதப்பட்ட பலகையிலே தெரியும் நொறுங்கிய கண்ணாடிகூடத் தாம் எடுத்த படமே என்றார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று விந்தையானது. 2020 இல் அந்நிறுவனத்தின் கணினிகளிலிருந்து களவாடப்பட்டு வெளிவந்த கோப்புக்களுள், உலோகத் தகட்டுப் படம் ஒன்றின் கோப்புப் பெயர், அவருடைய இறுவட்டில் இருந்த அதே எழுத்தும் எண்ணுமாக இருந்ததாம். 2022 இல் இரு பகுதியாரும் இணங்கி வழக்கை முடித்துக்கொண்டனர். நீதிமன்றம் தீர்ப்புக் கூறவில்லை. ஆதலால் யார் பக்கம் நியாயம் என்று நாமும் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆனால் இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னர் எங்கோ ஒரு சுவரின் முன் கமராவோடு நின்ற ஒருவர், உலகம் முழுவதும் விளையாடிய ஒரு விளையாட்டிலே தம் சுவரை அடையாளம் கண்டுகொண்டார் என்பதை எண்ணுங்கால் எனக்குச் சிறிது மனம் நெகிழ்கின்றது. சுவரும் ஒருவருடைய கைவண்ணமே என்பதை அதிகம் பேர் நினைப்பதில்லை.

இளைஞரிடையே மற்றொரு மயக்கமும் உண்டு. டூமின் செய்நிரலை 1997 இறுதியிலும் குவேக்கின் செய்நிரலை 1999 இறுதியிலும் அதன் உரிமையாளர் பொதுவில் வெளியிட்டுவிட்டனர். இனி எல்லாம் பொதுச்சொத்து என்று சிலர் கருதுவர். வெளியிடப்பட்டது இயந்திரமே; சுவர்ப்படங்கள் அல்ல. அவற்றுக்கு இன்னும் உரிமையாளர் உண்டு. இதனாலேயே ‘பிறீடூம்’ என்னும் பெயரில் ஒரு கூட்டத்தார் டூமுக்கு வேண்டிய சுவர்களையும் உருவங்களையும் ஒலிகளையும் புதிதாக, பழைய படங்களினின்று ஒரு புள்ளியும் எடாது, தாமே ஆக்கி எவரும் பயன்படுத்தலாம் என்று வழங்கிவருகின்றனர். கூலியில்லா வேலை, முடியாத வேலையுங்கூட. இப்பொழுது ஒரு வாக்கியத்தைச் சொன்னாற் சுவர்ப்படத்தைச் செய்து நீட்டும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை யாருடைய படங்களைப் பார்த்துக் கற்றன என்பது பற்றிப் பல நாட்டு நீதிமன்றங்களிலே வழக்குகள் எழுந்துள்ளன. பாசி படிந்த கற்சுவர் வேண்டும் என்றால் நொடியிற் கிடைக்கும். யாருடைய சுவர் என்று கேட்டால் விடை கிடையாது. எனக்கென்னவோ பிறீடூம் கூட்டத்தாரின் வழியே பிடித்திருக்கின்றது. பழைய மனிதன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

தம்பி மகனின் சுவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி எங்கெங்கோ சென்றுவிட்டேன். அவன் முதலில் வேறொருவர் கோப்பிலிருந்து சுவர்களை எடுத்தே வீடு கட்டினான். பின்னர் அவனுக்கே அது கூச்சமாக இருந்திருக்கவேண்டும். கமராவை எடுத்துக்கொண்டு எங்கள் பழைய வளவுக்குப் போய்க் கிணற்றின் சுவரைப் படம் பிடித்துவந்தான். சுண்ணக்கல் அடுக்கிக் கட்டிய பழங்கிணறு. என் தந்தையார் காலத்துக்கு முற்பட்டது. முதல் நாள் நண்பகலிற் போனான். ஒரு பக்கம் வெயில், மறு பக்கம் நிழல். அது உதவவில்லை. மழைக்கோலமான ஒரு நாளில் மீண்டும் போனான். கல்லின் நிறமும் பாசியும் குவேக்கின் மண்ணிறத் தட்டுக்கு மிக இசைந்தன. பாதிக்குப் பாதி நகர்த்தித் தையலை மறைத்தான். வரிசைகளை எண்ணினான். தனித்துத் தெரிந்தவற்றையெல்லாம் நீக்கினான். ஒரு நிலவறை முழுதும் அச்சுவரை ஏற்றினான். நான் முதலிலே பார்த்தது அதனையே.

சில மாதங்களின் பின் அவ்வளவு கைமாறியது. வாங்கியவர் கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குழாய்க்கிணறு இறக்கினார். அது அவர் உரிமை, குறைகூற ஒன்றுமில்லை. எங்கள் தாயாருக்கு இப்போது தொண்ணூறை அண்டிய வயது. மணமாகி வந்த நாள்முதல் அக்கிணற்றில் நீர் அள்ளியவர். ஒரு மாலை பேரன் அவரைக் கதிரையில் இருத்தி, “அப்பாச்சி, இது எந்த இடம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று அந்நிலவறையைத் திரையிற் காட்டினான். அரக்கர்களை முன்கூட்டியே அகற்றியிருந்தான். தாயார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எங்கட கிணத்துக் கல்லு மாதிரித்தான் கிடக்குது” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா அந்த வெடிப்பைக் காணேல்லையே? துலாக்கயிறு உரஞ்சின இடமும் காணேல்ல. இது வேற ஆற்றையோ கிணறு மோனை” என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். வெடிப்பையும் கயிற்றுத் தடத்தையும் அழித்தவன் அவனே. அழிக்காவிட்டால் நிலவறையெங்கும் இருபது வெடிப்புத் தெரிந்திருக்கும். தொழில் விதிப்படி அவன் செய்தது சரி.

நல்லகாலமாக முதற்படம் கணினியில் இருந்தது. அன்றிரவே அவன் அதனைத் திறந்தான். வெடிப்பும் தடமும் உள்ள பகுதியைத் தனியே வெட்டி, ஓரங்களை மட்டும் பழைய சுவர்ப்படத்தோடு பொருத்தி, இரண்டாவது சுவர்ப்படம் ஒன்று செய்தான். அதற்குப் பெயர் கொடுக்கவேண்டும். குவேக்கிலே சுவர்ப்படத்தின் பெயர் பதினைந்து எழுத்துக்கு மேற் போகக் கூடாது, அதுவும் ஆங்கில எழுத்து. ‘அப்பாச்சி கிணறு’ என்று எழுதி எண்ணிப் பார்த்தான். ஒன்றிரண்டு எழுத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. நிலவறையின் கிழக்கு மூலையில், ஒரேயொரு முறை மட்டும், அதனை வைத்தான். மறுநாட் காலை தாயார் தேநீர் அருந்திக்கொண்டே அம்மூலையைப் பார்த்துவிட்டு, துலா இந்தப் பக்கம் அல்லவா நின்றது, வெடிப்பு இன்னும் சற்றுக் கீழே இருக்கவேண்டும் என்றார். அவன் மீண்டும் கருவியைத் திறந்தான்.